பெருங்குடல் அழற்சியோடு மூன்று காய்ச்சல்கள்

எனக்குப் பெருங்குடல் அழற்சி இருப்பது 2015ஆம் ஆண்டு செய்த கொலனாஸ்கோப்பியில் உறுதியானது. மருத்துவர்கள் இதை அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்பார்கள். இதையும் க்ரோன் நோயையும் சேர்த்து அழற்சிக் குடல் நோய் என்று பொதுவாகக் குறிப்பிடுவார்கள். நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கிறேன். தபால் நிலைய கவுன்டரில் வேலை பார்க்கிறேன். ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால், கவுன்டருக்கு வருகிறவர்களில் பலர் இருமிக்கொண்டேதான் பாஸ்புத்தகத்தை நீட்டுவார்கள். ஆகவே சளியும் காய்ச்சலும் எனக்குப் புதியவை அல்ல. ஆனால் குடல் நோய் வந்த பிறகு, அதே சளிக்காய்ச்சல் வேறு கேள்விகளோடு வரத் தொடங்கியது. வயிறு கலங்குவது கிருமியாலா, பழைய நோய் தலைதூக்குவதாலா? காய்ச்சலே இல்லாமல் உடம்பு துவண்டு போவது எதனால்? தினமும் விழுங்கும் மாத்திரைகளில் எதைத் தொடர வேண்டும், எதை நிறுத்திவைக்க வேண்டும்? மூன்று முறை இந்தக் கேள்விகளோடு போராடியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நான் செய்த தவறு வேறு என்பதால், எதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

முதல் அனுபவம் 2018 கார்த்திகையில் நடந்தது. அப்போது எனக்கு நோய் அடங்கிப் பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. குடலின் அழற்சியைத் தணிக்கும் மெசலமைன் 2.4 கிராமும், எதிர்ப்புச் சக்தியைக் கட்டுப்படுத்தும் அசதயோப்ரின் 50 மில்லிகிராமும் தினமும் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு வியாழக்கிழமை மாலை தொண்டை கரகரத்தது. இரவில் 101 டிகிரி காய்ச்சல். மறுநாள் காலையில் முதுகும் கால்களும் அடித்துப்போட்டது போல் வலித்தன. மாத முதல் வாரம், ஓய்வூதியக் கூட்டம், விடுப்பு கேட்கத் தயக்கம். வழக்கம்போல் மருந்துக்கடைக்குப் போய், சளிக்கும் காய்ச்சலுக்கும் ஒரு செட் மாத்திரை கேட்டேன். நம் ஊரில் செட் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. அட்டையிலிருந்து கத்தரித்த நான்கைந்து மாத்திரைகளை வேளைக்கொன்றாகச் சிறு காகித உறையில் போட்டுத் தருவார்கள். “உடம்பு வலிக்கும் சேர்த்துப் போட்டிருக்கேன்க்கா, நாளைக்கே வேலைக்குப் போயிடலாம்” என்றார் கடையில் இருந்த தம்பி. அவர் நல்ல எண்ணத்தோடுதான் கொடுத்தார். எனக்குக் குடல் நோய் இருப்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

மூன்று நாளில் காய்ச்சல் போய்விட்டது. ஐந்தாம் நாள் காலையில் மலத்தோடு ரத்தம் கலந்து வந்தது. ஏழாம் நாள் இரவில் நான்கு முறை எழுந்து ஓட வேண்டியிருந்தது; போய் உட்கார்ந்தால் சளி போன்ற கசிவு மட்டும் வரும், வயிறு முறுக்கும், எழுந்து வந்த ஐந்தாவது நிமிடம் மறுபடியும் அவசரம் வரும். இந்த நோய் உள்ளவர்களுக்கு இதன் பொருள் உடனே புரியும். புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மரில்தான் நான் சிகிச்சை பெறுகிறேன். அங்கே போனபோது, தீராமல் மீந்துபோன ஒரு காகித உறையையும் கைப்பையில் எடுத்துப் போனேன். அந்த ஒரு காரியத்தை மட்டும் அன்று சரியாகச் செய்தேன் என்று நினைக்கிறேன். மருத்துவர் உறையை மேசை மேல் கவிழ்த்தார். பெயர் பாதியில் கத்தரிக்கப்பட்ட ஒரு துண்டில் “ஃபெனாக்” என்ற கடைசி எழுத்துகள் மட்டும் மிஞ்சியிருந்தன. “இதுதாம்மா டைக்ளோஃபெனாக், வலி மாத்திரை. உங்க குடலுக்கு இது ஆகாது” என்றார். கூடவே ஒரு ஆன்டிபயாடிக் கேப்சூலும் இருந்தது. வைரஸ் காய்ச்சலை அது தொடக்கூடச் செய்யாது. குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்களைத்தான் கலைக்கும். அப்படிக் கலையும்போது டிஃபிசில் என்னும் பாக்டீரியா பெருகிக் கடுமையான பேதியை உண்டாக்கலாம் என்பதால், அதற்கும் மலப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். நல்லவேளையாக அது இல்லை.

நோய் திரும்பியதற்குக் காய்ச்சல் காரணமா, வலி மாத்திரை காரணமா, இரண்டுமா என்று நான் கேட்டேன். ஒருவருடைய விஷயத்தில் அதைப் பிரித்துச் சொல்ல முடியாது என்றுதான் அவர் நேர்மையாகப் பதில் சொன்னார். ஆனால் ஐபுப்ரோஃபன், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் போன்ற வலி நிவாரணிகள் குடலின் உட்சவ்வைக் காக்கும் புராஸ்டாகிளாண்டின் சுரப்பைக் குறைப்பவை. அதனால் சிலருக்கு நோய் கிளர்ந்தெழக்கூடும். காய்ச்சலுக்கும் உடல் வலிக்கும் பாராசிட்டமால் மட்டும் போதும் என்று விளக்கினார். அந்த மூன்று நாள் மாத்திரைக்குப் பிறகு, பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைத் தொடங்கி, நோய் மறுபடி அடங்குவதற்குள் மாசி மாதம் வந்துவிட்டது. இப்போது மருந்துக்கடையில் நான் செட் கேட்பதே இல்லை. பாராசிட்டமால் முழு அட்டையாகக் கேட்டு, பின்பக்கம் எழுதியிருப்பதைப் படித்த பிறகே வாங்குகிறேன். ஏனென்றால் பாராசிட்டமாலோடு டைக்ளோஃபெனாக்கோ அசிக்ளோஃபெனாக்கோ சேர்ந்த கலவை மாத்திரைகள் ஏராளம்; பெயரின் முன்பாதியை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம்.

இரண்டாவது அனுபவம் 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் நேர்ந்தது. அதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. அந்த முறை எனக்கு இருமலோ தொண்டை வலியோ முதலில் வரவில்லை. ஒரே நாளில் ஏழெட்டு முறை தண்ணீராகப் போயிற்று. உடம்பில் லேசான கதகதப்பு மட்டும் இருந்தது. குடல் நோய்தான் திரும்பிவிட்டது என்று நானே முடிவு செய்து, பீரோவில் பழையதாகக் கிடந்த பிரெட்னிசலோனை எடுத்து யாரையும் கேட்காமல் இரண்டு நாள் விழுங்கினேன். முகக்கவசம் போடவில்லை, தனியாகப் படுக்கவுமில்லை. வயிற்றுக் கோளாறுக்கு எதற்கு என்று நினைத்தேன். மூன்றாம் நாள் ரசத்தில் பெருங்காய வாசனை தெரியாதபோதுதான் சந்தேகம் வந்தது. மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்தேன். நானாகத் தொடங்கிய ஸ்டீராய்டை உடனே நிறுத்தச் சொன்னார். இரண்டே நாள் என்பதால் அப்படி நிறுத்தலாம், வாரக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் திடீரென்று விடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொன்னார். ஆர்டிபிசிஆர் பரிசோதனையில் தொற்று உறுதியானது. அதற்குள் எழுபத்திரண்டு வயது மாமியாருக்கும் பரவிவிட்டது. அத்தை பதினைந்து நாள் சிரமப்பட்டு மீண்டார்கள். என்னை ஒரு வார்த்தைகூடக் குறை சொன்னதில்லை. எனக்குத்தான் அது ஆறவில்லை.

கொரோனா வைரஸ் உடம்புக்குள் நுழையப் பற்றிக்கொள்ளும் ஏசிஇ2 என்னும் ஏற்பி, நுரையீரலைப் போலவே சிறுகுடலின் உட்சுவரிலும் நிறைய இருக்கிறது. ஆகவே மூச்சுக்குழாய்த் தொற்று என்று பெயர் பெற்ற நோய் வயிற்றில் தொடங்குவது வியப்புக்குரியது அல்ல என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஆக்சிஜன் தேவைப்படாத கொரோனா நோயாளிகளுக்கு ஸ்டீராய்டு பலன் தருவதில்லை என்பது 2020லேயே தெரியவந்த செய்தி. குடல் நோயாளிகளைப் பொறுத்தவரை இன்னொரு முக்கியமான தகவலும் அந்த ஆண்டே கிடைத்திருந்தது. 2020 மார்ச்சில் தொடங்கிய செக்யூர்-ஐபிடி என்ற பன்னாட்டுப் பதிவேட்டில், 33 நாடுகளைச் சேர்ந்த 525 நோயாளிகளின் விவரங்களை முதலில் ஆராய்ந்தபோது, ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கொரோனா கடுமையாகும் வாய்ப்பு மிகுந்திருந்தது. அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் என்ற புரதத்தைத் தடுக்கும் இன்ஃபிளிக்ஸிமாப் போன்ற ஊசிகளுக்கு அத்தகைய தொடர்பு காணப்படவில்லை. “எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து” என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பயந்துகொண்டிருந்த எனக்கு, மருந்துக்கு மருந்து வேறுபாடு உண்டு என்பதை இதுதான் புரியவைத்தது. மெசலமைன் பெரும்பாலும் குடல் சுவரிலேயே வேலை செய்கிறது. கிருமியை எதிர்க்கும் திறனை அது குறைப்பதில்லை. அசதயோப்ரின் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையைக் குறைக்கக்கூடியது. தினமும் 20 மில்லிகிராமோ அதற்கு மேலோ பிரெட்னிசலோனை இரண்டு வாரத்துக்கு மேல் எடுப்பவரை எதிர்ப்புத் திறன் குன்றியவராகவே மருத்துவர்கள் கணக்கில் வைக்கிறார்கள்.

அன்றிலிருந்து ஒரு சிறிய கணக்கு நோட்டில் தினமும் நாலு கட்டம் எழுதி வருகிறேன்: எத்தனை முறை போனேன், ரத்தம் உண்டா, இரவில் எழுந்தேனா, உடல் வெப்பம் எவ்வளவு. நலமாக இருக்கும் நாளில் இதை எழுதுவது வீண் வேலை போலத் தோன்றும். ஆனால் நலமான நாளின் கணக்கு கையில் இருந்தால்தான் கெட்ட நாளை அடையாளம் காண முடிகிறது. நோட்டைத் திருப்பிப் பார்த்ததில் எனக்குத் தெரிந்தது இது: கிருமியால் வரும் பேதி திடீரென்று, தண்ணீராக, பெரும்பாலும் ரத்தமில்லாமல் வந்து, மூன்று முதல் ஐந்து நாளில் குறைகிறது, என் குடல் நோய் கிளர்வது ஒரு வாரம் பத்து நாளாக மெல்ல மெல்ல ஏறி, ரத்தமும் சளியும் கலந்து, தூங்கும்போதும் எழுப்புகிறது. இது என் உடம்பின் கணக்கு. க்ரோன் நோய் உள்ளவர்களுக்கு ரத்தமே தெரியாமல் வலியும் எடை குறைவும் மட்டும் இருக்கலாம். எப்படியிருந்தாலும் நோட்டு தீர்ப்புச் சொல்லாது. மருத்துவரிடம் சொல்வதற்குச் சரியான விவரத்தை மட்டுமே தரும். ரத்தத்தில் சிஆர்பி என்னும் அழற்சிக் குறியீடு தொற்றிலும் உயரக்கூடும் என்பதால் அது இரண்டையும் பிரித்துக் காட்டாது. மலத்தில் கால்புரோடெக்டின் என்னும் புரதத்தின் அளவைப் பார்ப்பது குடலின் நிலைமையை ஓரளவு தெளிவாகச் சொல்லும். ஆனால் வலி மாத்திரை சாப்பிட்டிருந்தாலோ குடலில் தொற்று இருந்தாலோ அதுவும் உயரும்.

மூன்றாவது அனுபவம்தான் ஆபத்தானது. 2024 அக்டோபர் கடைசியில் நோய் கிளர்ந்ததால், நவம்பர் முதல் தேதியிலிருந்து பிரெட்னிசலோன் 40 மில்லிகிராம் எடுத்து, பிறகு வாரம் 5 மில்லிகிராமாகக் குறைத்துக்கொண்டு வந்தேன். நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது 25 மில்லிகிராமில் இருந்தேன். அதையடுத்துச் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீரால் தென்பெண்ணை கரைபுரண்டு, ஆற்றோரக் குடியிருப்புகளில் வெள்ளம் புகுந்தது. குண்டு உப்பலவாடியில் வசிக்கும் நாத்தனார் குடும்பம் நனைந்த துணிகளோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. வீட்டில் ஒன்பது பேர். நாத்தனாரின் மகனுக்குக் கடும் காய்ச்சல், இருமல். அவனுக்கு நான்தான் கஞ்சி கொடுத்து, நெற்றியில் ஈரத்துணி போட்டேன்.

மூன்றாம் நாள் எனக்கு உடம்பு அசந்தது. தெர்மாமீட்டரில் 99 டிகிரிதான் காட்டியது. வறட்டு இருமல், தலைபாரம், மாடிப்படி ஏறினால் களைப்பு. வேலை மிகுதியால் வந்த அலுப்பு என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் அதையே நம்பினேன். ஸ்டீராய்டு எடுப்பவருக்குக் காய்ச்சல் வெளியே தெரியாமல் மறைந்துவிடக்கூடும் என்பதும், தெர்மாமீட்டர் காட்டும் எண்ணை நம்பி ஆறுதல் அடையக் கூடாது என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரை என் கணவர்தான் தேடி எடுத்து வந்தார். உட்கார்ந்திருந்தபோது 96 காட்டியது. “கூடத்துல நாலு தடவ நடந்துட்டு வந்து திரும்ப வை பாப்போம்” என்றார். நடந்து வந்து, குளிர்ந்திருந்த விரலைத் தேய்த்துச் சூடாக்கி மறுபடி வைத்தேன். சிவப்பு எண் 95, 94 என்று இறங்கி 92இல் நின்றது. இதயத் துடிப்பு 124. பேசும்போது வாக்கியத்தின் நடுவில் மூச்சு வாங்குவதை அவர் கவனித்துச் சொன்ன பிறகுதான் நானும் உணர்ந்தேன்.

புதுச்சேரிச் சாலையில் வெள்ளத்தால் போக்குவரத்து நின்றிருந்த நேரம். கோரிமேட்டுக்குப் போக வழியில்லை. மஞ்சக்குப்பத்தில் உள்ள அரசு தலைமை மருத்துவமனைக்குப் போனோம். வாசலிலேயே என் கணவர் மூன்று விஷயங்களைச் சொன்னார்: குடல் அழற்சி நோய் இருக்கிறது, ஒரு மாதமாக ஸ்டீராய்டு சாப்பிடுகிறாள், கூடவே அசதயோப்ரின். அந்த மூன்று வாக்கியங்களால்தான் என்னை உடனே உள்ளே அழைத்தார்கள் என்று நம்புகிறேன். எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலின் அடிப்பகுதியிலும் நிழல் தெரிந்தது. பரிசோதனையில் இன்ஃபுளூயன்சா என்று வந்தது. வெள்ளை அணுக்கள் 2,900தான் இருந்தன, நாலாயிரத்துக்குக் குறையக் கூடாது. அந்த வைரஸுக்கு எதிரான ஓசல்டமிவிர் மருந்தை 75 மில்லிகிராம் தினம் இரண்டு வேளை ஐந்து நாளைக்குத் தொடங்கினார்கள். அந்த மருந்தை அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் தொடங்குவதே சிறப்பு. நான் அந்த அளவைத் தாண்டித்தான் போயிருந்தேன். என்றாலும் எங்களைப் போன்றவர்களுக்குத் தாமதமானாலும் கொடுப்பார்கள் என்றார்கள். மூன்று நாள் ஆக்சிஜனோடு இருந்தேன்.

மாத்திரைகளை என்ன செய்வது என்பதில் என் கணவருக்கும் எனக்கும் அன்று ஒரு வாக்குவாதமே நடந்தது. கிருமி இருக்கும்போது ஸ்டீராய்டு எதற்கு, எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம் என்று பதறினார். பணியில் இருந்த மருத்துவர் பொறுமையாக விளக்கினார். வாரக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்தவரின் அட்ரினல் சுரப்பி, உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டு ஹார்மோனைப் போதிய அளவு சுரக்காமல் தூங்கிப் போயிருக்கும். காய்ச்சல் நேரத்தில் உடம்புக்கு அந்த ஹார்மோன் கூடுதலாகத் தேவை. அப்போது திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே ஸ்டீராய்டு தொடரும். அசதயோப்ரினை மட்டும் வெள்ளை அணுக்கள் ஏறும்வரை நிறுத்திவைக்கலாம். மெசலமைனை நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை. ஜிப்மர் மருத்துவரிடமும் தொலைபேசியில் கேட்டு, அதையே உறுதிசெய்தோம். பதினோரு நாள் கழித்து அணுக்கள் 4,600 ஆனதும் அசதயோப்ரினை மறுபடி தொடங்கினேன். மூன்றில் ஸ்டீராய்டையும் மெசலமைனையும் தொடர்ந்து, அசதயோப்ரினை மட்டும் நிறுத்திவைப்பது என்ற இந்த முடிவை நானாக எடுத்திருந்தால் நிச்சயமாகத் தவறாகத்தான் எடுத்திருப்பேன்.

ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கும் இதே நிலைதான். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கும் சித்தி மகனுக்கு க்ரோன் நோய். எட்டு வாரத்துக்கு ஒருமுறை இன்ஃபிளிக்ஸிமாப் ஏற்றிக்கொள்கிறான். முறை வந்த நாளில் காய்ச்சல் இருந்தது. சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்தாலும் சொல்லிவிட்டான். பத்து நாள் தள்ளிப் போட்டார்கள். குடலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த மாதிரி நாளில் காய்ச்சலை மறைப்பது பெரும் தவறு.

வீடு திரும்பிய பிறகும் இருமல் விடவில்லை. அத்தை பாசத்தோடு கபசுரக் குடிநீர் காய்ச்சிக் கொடுத்தார்கள். சுக்கும் திப்பிலியும் இலவங்கமும் சேர்ந்த அது, வெறும் வயிற்றில் இறங்கியதும் அடிவயிறு எரிந்தது. நம் வீட்டு வைத்தியத்தின் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் புண்பட்ட குடலுக்குக் காரம் ஒத்துக்கொள்ளாத நாள்களும் உண்டு. நொய்க்கஞ்சியும், மிளகு குறைத்த ரசமும், வெதுவெதுப்பான உப்புநீரில் தொண்டை கொப்பளிப்பதும் எனக்குப் போதுமாக இருந்தன. பேதி இருந்த நாள்களில் ஓஆர்எஸ் பொட்டலத்தை அதில் எழுதியபடி முழு ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் குடித்தேன்.

இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டியதும், சளிப் பரிசோதனைக்கு நானே கேட்டுப் போனேன். நம் நாட்டில் இதைத் தவறவிடக் கூடாது. எதிர்ப்புத் திறனைக் குறைக்கும் மருந்துகளால், உடம்புக்குள் உறங்கிக் கிடக்கும் காசநோய் விழித்துக்கொள்ளக்கூடும். டிஎன்எஃப் தடுப்பு ஊசிகளில் இந்த ஆபத்து கூடுதல் என்பதால்தான் அவற்றைத் தொடங்குமுன் காசநோய்க்குப் பரிசோதிக்கிறார்கள். அரசு மருத்துவமனையில் இந்தப் பரிசோதனைக்குப் பணம் கிடையாது. எனக்குக் காசநோய் இல்லை என்று வந்தது. அரிதாக மெசலமைனே நுரையீரலில் அழற்சியை உண்டாக்கி வறட்டு இருமலைத் தரும் என்பதால் அதையும் மருத்துவர் யோசித்தார். ஆனால் நான்காம் வாரத்தில் இருமல் தானாக அடங்கியது.

அந்த ஆண்டு இன்ஃபுளூயன்சா தடுப்பூசி போடச் சொல்லி மருத்துவர் செப்டம்பரிலேயே எழுதிக் கொடுத்திருந்தார். இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டது நான்தான். தடுப்பூசி வேலை செய்ய ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். நம் பக்கம் இந்தக் காய்ச்சல் வடகிழக்குப் பருவமழையோடு பெருகும். ஆகவே ஆவணி, புரட்டாசிக்குள் போட்டுவிடுவது நல்லது. கையில் போடும் ஊசியில் உயிருள்ள கிருமி இல்லை, எங்களைப் போன்றவர்களுக்கு ஏற்றது. மூக்கில் விடும் வகை உயிருள்ள வைரஸால் ஆனது. அது எங்களுக்கு வேண்டாம். நிமோகாக்கல் தடுப்பூசியையும் கேட்டுப் போட்டுக்கொண்டேன். 2025 செப்டம்பரில் நானும் கணவரும் அத்தையும் ஒரே நாளில் காய்ச்சல் ஊசி போட்டுக்கொண்டோம்.

மழைக்கு முன்பே ஒரு மாத மாத்திரையை வாங்கி, தண்ணீர் புகாத டப்பாவில் மேல் பரணில் வைக்கிறேன். சமையலறை அலமாரிக் கதவின் உட்புறம் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறது. அதில் நோயின் பெயர், மருந்துகளின் பெயரும் அளவும், மருத்துவரின் எண் ஆகியவற்றோடு, வலி மாத்திரை கூடாது, பாராசிட்டமால் மட்டும், எந்த மருந்தையும் கேட்காமல் நிறுத்தாதே, கேட்காமல் தொடங்காதே என்று எழுதியிருக்கிறேன். அதன் கீழே, நடந்த பின் ஆக்சிஜன் 94க்குக் கீழே போனாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, பேச்சு குழறினாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் கிளம்ப வேண்டும் என்று இருக்கிறது. அந்தக் கடைசி வரியை மட்டும் டிசம்பருக்குப் பிறகு என் கணவர் தம் கையால் சிவப்பு மையில் எழுதினார்.